பதினோரு மீட்டரில் எலி

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடை. கடைவீட்டின் பின்கட்டில் மல்லிகைச் சரங்கள் தூங்கும் குளிர்பெட்டி. அதன் தலையில், சட்டைப்பையில் அடங்கும் ஒரு லினக்ஸ் பலகை. பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று நிமிடத்துக்கு ஒருமுறை அக்காவின் கைபேசிக்குச் சொல்வதுதான் அதற்கு வேலை. போட்டுக் கொடுத்தவன் நான். ஆகவே அது வாயை மூடிக்கொண்டதும் போன் எனக்குத்தான் வந்தது.

"கல்லாக்கிட்ட இருக்கிற பழைய மடிக்கணினில அதே வயரைச் சொருகிப் பார்த்தோம் தம்பி, நல்லா ஓடுது. உன் பெட்டிதான் போச்சு."

நியாயமான முடிவுதான். ஆனால் தப்பு.

இத்தகைய குட்டிப் பெட்டிகளுக்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. நோயைச் சொல்லத் தெரியாத குழந்தை மாதிரி. அறிகுறியை நாம்தான் படிக்க வேண்டும். வயர் செருகும் இடத்தில் விளக்கு எரிந்தும் பேச்சில்லை என்றால் முகவரியைப் பார்க்கலாம். 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் முகவரி எதுவும் தராததால் பெட்டி தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எனக்குப் பிடித்த கோளாறு வேறொன்று. கடிகார பேட்டரி இல்லாத சில பலகைகள் மின்சாரம் போய்வந்ததும் இன்று 1970 ஜனவரி 1 என்று நம்பி எழும். எதிர்முனைக் கணினி நீட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் அவற்றின் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை, கதவைச் சாத்திவிடும். வயரில் பழுதில்லை, ரூட்டரில் பழுதில்லை. தேதிதான் பழுது.

இங்கே விளக்கே எரியவில்லை. அதே வயரில் மடிக்கணினி மட்டும் எப்படி ஓடுகிறது?

நெட்வொர்க் வயருக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். பழைய மடிக்கணினியின் நூறு மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். பலகையின் கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், எந்த வேகத்தில் பேசலாம் என்று இரு முனைகளும் பேரம் பேசுவது முதல் இரண்டு ஜோடிகளில் மட்டும். அவை நன்றாக இருந்தால் 'கிகாபிட்' என்று ஒப்புக்கொள்வார்கள். வேலையைத் தொடங்கும்போது மற்றொரு ஜோடி அறுந்திருக்கும். மறுபடி பேரம், மறுபடி ஒப்பந்தம், மறுபடி தோல்வி. சில சில்லுகள் நாலைந்து முறை தோற்றதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் பலகைக்கு அந்த விவேகம் இல்லை.

2020இல் வந்த லினக்ஸ் 5.8 முதல், சில்லு இடம்கொடுத்தால், ஈத்டூல் என்ற கருவியால் வயரையே விசாரிக்கலாம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு மின்துடிப்பை அனுப்பிவிட்டுக் காது கொடுக்கும். அறுந்த இடத்தில் துடிப்பு மோதித் திரும்பும். செப்புக் கம்பியில் அது நானோவிநாடிக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஓடுவதால், திரும்ப எடுத்த நேரமே தூரத்தைச் சொல்லிவிடும். மூன்றாவது ஜோடியில் 110 நானோவிநாடி. போக 11 மீட்டர், வர 11 மீட்டர்.

ஒரு முனையில் உட்கார்ந்தபடி மறுபக்கத்துப் பழுதைத் தேடுவது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. 1870-71இல் சென்னையிலிருந்து வங்கக் கடல் வழியே பினாங்குக்கும், இங்கிருந்து சிங்கப்பூருக்கும் தந்திக் கேபிள் இறங்கியது. செப்புக்கு உறை, மலாய்க் காடுகளில் வெட்டிச் சாய்த்த மரங்களின் பாலான கெட்டா பெர்ச்சா. அத்தனை நீளக் கடலடிக் கம்பி துடிப்பைக் கஞ்சிபோலக் கரைத்துவிடும். எதிரொலியை நம்ப முடியாது. அதனால் அக்காலத்து மின் வல்லுநர்கள் மின்தடையை அளந்தார்கள். மைலுக்கு இத்தனை ஓம் என்பது முன்பே தெரியும். கரையிலிருந்து உடைப்புவரை உள்ள ஓமை அதால் வகுத்தால் மைல். எளிய கணக்கு, ஆனால் கடல் சும்மா விடாது. உடைந்த செப்பு முனை உப்புநீரில் ஒரு பேட்டரிபோல நடந்துகொள்ளும், அளவு முள் நிலைகொள்ளாது. அந்த நடுங்கும் எண்ணை நம்பித்தான் கப்பல் புறப்பட்டு, கொக்கி போட்டுக் கடலடியைத் துழாவும். 2002இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாகப் பினாங்கில் வந்து முடிந்த சேஃப் கேபிள் கண்ணாடி இழை. இழையில் அறுந்த இடத்தைத் தேட ஒளித்துடிப்பின் எதிரொலி. பூக்கடையில் நான் செய்த அதே வித்தை.

எனக்குக் கப்பல் வேண்டியிருக்கவில்லை. அக்காவின் பூச்சரம் அளக்கும் நாடாவைக் கடன் வாங்கினேன். பலகையிலிருந்து வயரோடு அளந்துபோனால் மாடிப்படிக்குக் கீழே, வாழையிலைக் கட்டுகளுக்குப் பின்னால், பத்தே முக்கால் மீட்டரில் நீல உறை கிழிந்து, இரண்டு கம்பிகள் பல்லை இளித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் எலிப் புழுக்கை.

"இங்கதான்னு எப்படித் தம்பி தெரிஞ்சது?" என்றார் அக்கா.

புது வயர் வாங்கும்வரை என்று பலகையை நூறு மெகாபிட்டுக்குக் கட்டிவைத்தேன். விளக்கு எரிந்தது, ஆறு டிகிரி என்றது கைபேசி. நிமிடத்துக்கு ஓர் எண் அனுப்ப அந்த வேகமே பன்மடங்கு அதிகம். எலி கடித்த வயர் இன்னமும் படிக்குக் கீழேதான் கிடக்கிறது.