வேலையை விட்டுட்டு எம்.சி.ஏ. படிக்கலாமா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க



"பி.காம் சி.ஏ. முடிச்சிருக்கேன்"னு சொன்னா, "அப்போ ஆடிட்டரா?"ன்னு கேக்குற சொந்தக்காரங்க நம்ம ஊர்ல நிறைய. அந்த சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்னு விளக்கியே பாதிப் பேருக்கு அலுத்துப் போயிருக்கும். அப்படிப் படிச்சு அக்கவுண்ட்ஸ்லயோ பே-ரோல்லயோ 25,000 ரூபாய்க்கு வேலை பார்க்குறவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது இதுதான்: "வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் எம்.சி.ஏ. படிச்சா, அந்தப் பணம் திரும்ப வருமா?"

ஆசை நியாயமானதுதான். ஆனா இது ஒரு முதலீடு. கணக்கு போடாம இறங்கக் கூடாது.

காமர்ஸ் படிச்சவங்களுக்கு இதுல என்ன வேலை?

பிசினஸ் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்னா பெரிய வார்த்தையா தெரியும். ஒரு கம்பெனிக்குள்ள ஆர்டர், பில், ஸ்டாக், சம்பளம், வரி எல்லாம் எந்த சாஃப்ட்வேர் வழியா ஓடுது, அதை எப்படி வடிவமைக்கிறதுங்கிற படிப்புதான் அது. வெப் அப்ளிகேஷன்ங்கிறது அதையே பிரவுசர்ல ஓட வைக்கிற வேலை.

ஒரு உதாரணம். 2023 ஆகஸ்ட் 1-லேர்ந்து, வருஷ டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேல போன நிறுவனங்கள் மத்த பிசினஸுக்குப் போடுற பில்லுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். பில் விவரம் ஜேசன் ஃபார்மட்ல அரசு போர்ட்டலுக்குப் போகணும், அங்கேர்ந்து ஐ.ஆர்.என். நம்பரும் க்யூ.ஆர். கோடும் திரும்பி வரணும். இதை கம்பெனியோட பில்லிங் சாஃப்ட்வேரோட இணைக்கிறவருக்கு ஏ.பி.ஐ. தெரியணும். கிரெடிட் நோட்னா என்னன்னும் தெரியணும். ரெண்டாவது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். முதலாவதைச் சேர்த்துக்கிட்டா, வெறும் கோடிங் மட்டும் தெரிஞ்சவரைவிட இந்த இடத்துல உங்களுக்கு ஒரு படி முன்னிலை.

வேலையை விட்டா: உண்மையான செலவு

ஃபீஸ் மட்டும்தான் செலவுன்னு நினைக்கிறதுதான் பலரும் செய்யுற தப்பு. இதெல்லாம் உதாரணத்துக்கு எடுத்த எண்கள். உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

- முதல் வருஷம் இழக்கிற சம்பளம்: 25,000 × 12 = ரூ.3,00,000
- ரெண்டாவது வருஷம் (10% இன்க்ரிமென்ட் சேர்த்து 27,500 × 12): ரூ.3,30,000
- ரெண்டு வருஷ ஃபீஸ்: ரூ.2,00,000
- மொத்தம்: ரூ.8,30,000

சாப்பாடு, வாடகையை இதுல சேர்க்காதீங்க. வேலைல இருந்தாலும் அது ஆகத்தான் செய்யும்.

அடுத்தது முக்கியம். படிச்சு முடிச்சு 40,000 ரூபாய்க்கு வேலை கிடைச்சா, 15,000 லாபம்னு தோணும். இல்லை. வேலைலயே இருந்திருந்தா அப்போ உங்க சம்பளம் சுமார் 30,000 ஆகியிருக்கும். ஆக, மாசத்துக்குக் கூடுதலா வர்றது 10,000 மட்டும். 8,30,000-ஐ அதால வகுத்தா 83 மாசம், அதாவது கிட்டத்தட்ட 7 வருஷம். 50,000-க்கு வேலை கிடைச்சா வித்தியாசம் 20,000. மூன்றரை வருஷத்துல போட்டது திரும்பிடும்.

அதனால காலேஜ்ல சேரும் முன்னாடி, "ஹையஸ்ட் பேக்கேஜ் எவ்வளவு?"ன்னு கேக்காதீங்க. "போன பேட்ச்ல நடுவுல இருந்த ஸ்டூடன்ட்டுக்கு எவ்வளவு?"ன்னு கேளுங்க.

இன்னொண்ணு. ஒரே கம்பெனில 5 வருஷம் முடியப் போற நேரம்னா, கிராஜுவிட்டியை விட்டுட்டு அவசரப்பட்டு ராஜினாமா பண்ணாதீங்க. ஃபீஸுக்காக பி.எஃப். பணத்துலயும் கை வைக்காதீங்க. 5 வருஷ தொடர் சர்வீஸுக்கு முன்னாடி எடுத்தா பொதுவா அதுக்கு வரி உண்டு.

வேலையோட சேர்த்துப் படிச்சா

நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல தொடங்கின ஆன்லைன் டிகிரி, இப்போ டேட்டா சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ் பி.எஸ். படிப்பா நடக்குது. புரோகிராமிங் டிப்ளமோ கட்டத்துல டேட்டாபேஸ், ஜாவா, ரெண்டு பாகமா வெப் ஆப் டெவலப்மென்ட், அதுக்கான புராஜெக்ட்கள் எல்லாம் உண்டு. டேட்டா சயின்ஸ் டிப்ளமோவுல பிசினஸ் டேட்டா மேனேஜ்மென்ட் இருக்கு. அதோட புராஜெக்ட்டுக்கு ஒரு நிஜமான கடையையோ நிறுவனத்தையோ பிடிச்சு, அதோட டேட்டாவை அலசி ரிப்போர்ட் தரணும். அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவங்களுக்கு இது கைவந்த கலை.

இதுல எனக்குப் பிடிச்சது, நடுவுல நிறுத்தினாலும் முடிச்ச கட்டத்துக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கையில இருக்கும். ஆனா இது இளநிலைப் படிப்பு, எம்.சி.ஏ.வுக்குச் சமம் இல்லை. முதுநிலைப் பட்டம்தான் வேணும்னா, ஆன்லைன் எம்.சி.ஏ. பக்கம் பாருங்க.

கணக்கு? அதே 2,00,000 ஃபீஸை 3 வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் சுமார் 5,600. அதே 10,000 கூடுதல் கிடைச்சா 20 மாசத்துல போட்டது திரும்பிடும்.

இதுக்கு நேரம்தான் விலை. ஒரு கோர்ஸுக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் தேவை. ரெண்டு கோர்ஸ் எடுத்தா 20 மணி நேரம். சனி, ஞாயிறு மொத்தமா போயிடும். வகுப்பு ஆன்லைன்தான், ஆனா பரீட்சையை நேர்ல சென்டருக்குப் போய் எழுதணும். மாசக் கடைசி குளோசிங்ல மாட்டுறவங்க ஒரு டெர்முக்கு ஒரு கோர்ஸோட ஆரம்பிங்க.

வரிச் சலுகை

- கல்விக் கட்டணக் கழிவு பிள்ளைகளோட படிப்புக்குத்தான். உங்க சொந்த ஃபீஸுக்குக் கிடையாது.
- கல்விக் கடன் எடுத்தா, வட்டிக்கு மட்டும் கழிவு உண்டு. உச்சவரம்பு இல்லை, அதிகபட்சம் 8 வருஷம். அசலுக்குக் கிடையாது. சித்தப்பாகிட்ட வாங்கின கடனுக்கும் கிடையாது.
- இது ரெண்டுமே பழைய வரி முறையில மட்டும்தான். புதிய முறையில சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரியே இல்லாத நிலைமைல, 25,000 சம்பளக்காரருக்கு இந்த வட்டிக் கழிவால ஒரு பைசா லாபம் இல்லை. "வரி மிச்சமாகும், லோன் எடுங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

பணம் கட்டும் முன்னாடி

1. ஆன்லைன், தொலைதூரப் படிப்புன்னா, அந்தப் பல்கலைக்கு அந்தப் படிப்புக்கு அந்த வருஷத்துக்கு அனுமதி இருக்கான்னு யு.ஜி.சி. தொலைதூரக் கல்விப் பிரிவோட தளத்துல பாருங்க.
2. ஃபீஸ் சலுகை கேளுங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸ் படிப்புல சமூகப் பிரிவு, குடும்ப வருமானத்தைப் பொறுத்துப் பெரிய சலுகை உண்டு.
3. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி இல்லாம வேலையை விடாதீங்க.
4. முதல்ல மூணு மாசம் எஸ்.க்யூ.எல்.லும் பைத்தானும் இலவசமா படிச்சுப் பாருங்க. தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார முடியலைன்னா, 2 லட்சம் கட்டினாலும் உட்கார மாட்டீங்க.

நான் சொல்றது இதுதான்: சம்பளம் வந்துக்கிட்டு இருக்கும்போதே ஆரம்பிங்க. முதல் டிப்ளமோ கைக்கு வந்ததும் மார்க்கெட் உங்களுக்கு என்ன விலை சொல்லுதுன்னு பார்த்து, வேலையை விடலாமா வேண்டாமான்னு முடிவெடுங்க.

உங்க சம்பளம், ஃபீஸ், எதிர்பார்க்கிற சம்பளம் இந்த மூணையும் வெச்சு இதே கணக்கை எக்செல்ல போடுறது எப்படின்னு அடுத்த வீடியோல பார்க்கலாம்.