கேபினில் தங்கிவிடும் புகை

சொகுசுக் கப்பல்களின் கேபின்களில் சிகரெட் பிடிக்கத் தடை வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும், கதவைத் திறந்து உள்ளே போனதும் பழைய சிகரெட் நாற்றம் மூக்கில் ஏறுகிறது என்று சொல்லும் பயணிகள் இன்றும் உண்டு. படுக்கை விரிப்பில் ஒரு மடிப்புக் கலைந்திருக்காது, குளியலறைக் கண்ணாடி பளபளக்கும், சாம்பல் கிண்ணம் தேடினாலும் கிடைக்காது. நாற்றம் மட்டும் அறை முழுக்க இருக்கும். ஜன்னல்கூட இல்லாத உட்பக்க கேபின் என்றால் பயணம் முடியும்வரை அதிலேயேதான் படுத்து எழ வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் இது முகச்சுளிப்போடு முடிகிற விஷயம் இல்லை.

கேபினுக்குள் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது, புகை எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்ற இரண்டும் தெரிந்திருந்தால் இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இன்றைய கேபின்களைப் பெரும்பாலும் கப்பலுக்குள் கட்டுவதில்லை. ஃபின்லாந்தின் துர்க்கு நகருக்கு அருகே பீக்கியோவில் இருப்பது போன்ற தொழிற்சாலைகளில் முழு அறையாகவே செய்துவிடுகிறார்கள். இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே கனிமக் கம்பளி வைத்த சுவர்கள், உள்ளேயே குளியலறை, மின்கம்பிகள், விளக்குகள் எல்லாம் பொருத்திய பிறகு கப்பல் கட்டும் தளத்துக்குக் கொண்டுவந்து, கப்பலின் அந்தந்தத் தளத்தில் உள்ளே தள்ளி நிறுத்துகிறார்கள். பக்கத்துப் பக்கத்து கேபின்களின் குளியலறைகள் பல கப்பல்களில் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். நடுவில் உள்ள குறுகிய இடுக்கில்தான் தண்ணீர்க் குழாய்களும் காற்றுக் குழல்களும் மேலும் கீழும் ஓடுகின்றன.

குளிர்காற்று அறையின் கூரையிலிருந்து இறங்குகிறது. அது வெளியேறுகிற வாசல் குளியலறையில் இருக்கிறது. பல கேபின்களுக்கும் சேர்த்து எங்கோ ஒரு பெரிய எக்ஸாஸ்ட் விசிறி இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். குளியலறைக் கூரையில் உள்ள சல்லடைக்குக் கீழே ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் மேலே போய் ஒட்டிக்கொண்டு விழாமல் நின்றால் இழுவை நன்றாக இருக்கிறது. நழுவி விழுந்தால் சல்லடையில் தூசி அடைத்திருக்கிறது, அல்லது குழலில் ஏதோ கோளாறு. அந்த அறையில் எந்த நாற்றமும் சீக்கிரம் போகாது.

கப்பல்களின் தங்குமிடக் காற்றோட்டத்துக்கு ஐஎஸ்ஓ 7547 என்றொரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. ஓர் ஆளுக்கு வினாடிக்குக் குறைந்தது 8 லிட்டர் வெளிக்காற்று வர வேண்டும் என்கிறது அது. 15 சதுர மீட்டர் பரப்பும் 2.1 மீட்டர் உயரமும் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். உள்ளே சுமார் 32 கன மீட்டர் காற்று. இரண்டு பேருக்கான வெளிக்காற்று மணிக்கு ஏறக்குறைய 58 கன மீட்டர். அதாவது அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஓர் அறை நிறையப் புதுக்காற்று வந்துவிடுகிறது. புகை வெறுமனே காற்றில் மிதந்துகொண்டிருந்தால் மூன்று மணி நேரத்தில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் நாற்றம் வாரக்கணக்கில் நிற்கிறது. அப்படியானால் அது காற்றில் இல்லை. அறையிலேயே இருக்கிறது.

சிகரெட் புகையில் இரண்டு கூட்டாளிகள் உண்டு. ஒன்று, ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்கள். மற்றொன்று, நிகோட்டின், பிரிடின் வகைச் சேர்மங்கள், அம்மோனியா போன்ற ஆவிகள். துகள்கள் மெல்லப் படிந்து வெளிறிய பழுப்பு நிறத்தில் ஒரு பிசுக்குப் படலமாகின்றன. அதைவிடப் பிடிவாதக்காரர்கள் ஆவிகள்தான். நிகோட்டின் அரைகுறையாக ஆவியாகும் பொருள். காற்றில் இருப்பதைவிட எதன்மேலாவது ஒட்டிக்கொள்வதே அதற்குச் சுலபம். கேபினில் ஒட்டிக்கொள்ள இடத்துக்கா பஞ்சம்? கனத்த திரைச்சீலை, கம்பளம், சோபா, மெத்தை, தலைமாட்டில் துணி போர்த்திய பலகை. இழை இழையாக விரிந்திருக்கும் இவற்றின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரிவதைப்போல் பல மடங்கு. பெருங்காயம் தீர்ந்த பிறகும் டப்பாவை விட்டு வாசனை போகாததைப்போல, புகைத்தவர் இறங்கிப்போன பிறகும் இவை புகையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன. வெப்பமும் ஈரமும் கூடும்போது இன்னும் அதிகமாக விடும். பழைய பயணிகள் இறங்கி, புதியவர்கள் ஏறும் இடைவேளையில் சுத்தம் செய்யக் கதவுகள் திறந்தே கிடக்கும். துறைமுகத்தின் புழுக்கம் உள்ளே வரும். முதல் நாள் மதியம் நாற்றம் தூக்கலாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படிப் பொருள்களில் படிந்து பிறகு வெளிவரும் புகையை மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். 2010-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர், படிந்த நிகோட்டின் உட்புறக் காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து நைட்ரோசமைன்களை உண்டாக்குவதைக் காட்டினார்கள். அவற்றில் சில புற்றுநோயோடு தொடர்புடையவை. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மாட் குழுவினர், புகைப்பவர்கள் காலிசெய்து போன வீடுகளை ஆராய்ந்தார்கள். சுத்தம் செய்து, வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த பிறகும் தூசியிலும் சுவரிலும் நிகோட்டின் இருந்தது. புதிதாகக் குடிவந்த, புகைக்காதவர்களின் விரல்களிலும் அது ஒட்டியது. பிறகு அதே குழுவினர் கலிபோர்னியா ஹோட்டல்களை ஆராய்ந்தபோது, புகைக்க அனுமதிக்கும் ஹோட்டல்களில் இருந்த ‘புகையற்ற’ அறைகளும் சுத்தமாக இல்லை. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு இதன் பொருள் என்ன என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கப்பலுக்கு நேரடியாகப் பொருந்துவது 2018-இல் பிலடெல்பியாவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தினர் கண்டதுதான். யாருமே புகைக்காத ஒரு வகுப்பறையின் காற்றில் மிதந்த நுண்துகள்களின் நிறையில் 29 சதவீதம் மூன்றாம் நிலைப் புகையிலிருந்து வந்திருந்தது. ஓரிடத்தில் படிந்திருந்ததை எடுத்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலையைக் கட்டடத்தின் ஏசி செய்திருந்தது. ஆற்றலை மிச்சப்படுத்த, உள்ளிருந்து திரும்பும் காற்றில் ஒரு பகுதியை மறுபடி குளிரவைத்து அனுப்பும் வழக்கம் கப்பல்களிலும் உண்டு. ஒவ்வொரு கேபினுக்கும் தனித்தனி விசிறியும் குளிர்சுருளும் உள்ள கப்பல்களில், அந்தச் சுருளிலும் அதன் வடிகட்டியிலுமே பழைய புகை படிந்திருக்கலாம். ஏசியைக் கூட்டி வைத்ததும் நாற்றம் கூடுகிறது என்றால் சந்தேகிக்க வேண்டிய இடம் அதுதான்.

தடை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கார்னிவல் நிறுவனம் 1998-இல் ‘பாரடைஸ்’ என்ற கப்பலை முற்றிலும் புகையற்றதாக ஓட்டிப் பார்த்தது. பிடிபட்டால் 250 டாலர் அபராதம். அடுத்த துறைமுகத்தில் இறக்கியும் விடுவார்கள். அந்த ஏற்பாடு 2004-இல் முடிவுக்கு வந்தது. 2006 மார்ச் 23-ஆம் தேதி அதிகாலையில், ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலின் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. யாரோ வீசிய அணையாத சிகரெட்டே காரணமாக இருக்கலாம் என்றது பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு. பால்கனிகளை மறைத்த பிளாஸ்டிக் தடுப்புகள் வழியே தீ தளம் தளமாக ஏறியது. புகை தாக்கி ஒரு பயணி இறந்தார். 79 கேபின்கள் இனி உதவாது என்று கழிக்கப்பட்டன, மேலும் 218 கேபின்கள் சேதமடைந்தன. பால்கனிகளின் தீப்பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் 2008 ஜூலையில் அமலுக்கு வந்தன. அதே ஆண்டில் செலிப்ரிட்டி நிறுவனமும், 2012-இல் பிரின்சஸ் நிறுவனமும் கேபினிலும் பால்கனியிலும் புகைக்கத் தடை விதித்தன. 2014 ஜனவரியில் ராயல் கரீபியனும், அக்டோபரில் கார்னிவலும் பால்கனிகளையும் தடைக்குள் கொண்டுவந்தன. மீறினால் 250 டாலரிலிருந்து 500 டாலர்வரை கணக்கில் ஏறும். ஆனால் எல்லா நிறுவனங்களின் விதியும் ஒன்றில்லை. பால்கனியில் புகைக்க விடும் கப்பல்கள் ஐரோப்பாவில் உண்டு. டிக்கெட் எடுக்கும் முன் விதிகளின் பக்கத்தை முழுவதும் படித்துவிட வேண்டும். அதில் ‘காசினோ’, ‘பால்கனி’ என்ற இரண்டு சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடுங்கள்.

காசினோவில் புகைக்க அனுமதி உள்ள கப்பல்கள் இன்னும் பல. அங்கிருந்து புகை படிக்கட்டு, லிஃப்ட் வழிகளில் மேலே ஏறும். ஆகவே கப்பலின் தள வரைபடத்தை வைத்துக்கொண்டு, காசினோவுக்கு நேர் மேலேயும் அதன் படிக்கட்டுக்கு அருகிலும் உள்ள கேபின்களை முதலில் தள்ளிவிடுவேன். திறந்த மேல்தளத்தில் புகைப்பவர்களுக்கு வழக்கமாக ஒரு பக்கத்தை ஒதுக்கியிருப்பார்கள். நமக்கு எதிர்ப்பக்கம். பால்கனி கேபின் என்றால் முன்பகுதி நல்லது என்பது என் எண்ணம். கப்பல் 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டரில் போகும்போது பக்கவாட்டில் காற்று முன்னிருந்து பின்னே ஓடுகிறது. முன்னால் உள்ள பால்கனியில் ஒருவர் திருட்டுத்தனமாகப் பற்றவைத்தால் பின்னால் இருப்பவர்களுக்கு வரும். நம் முன்னே எத்தனை குறைவான பால்கனிகளோ அத்தனை நல்லது.

அப்படிப் புகை வரும்போது பால்கனிக் கதவைத் திறந்து வைத்து ‘நல்ல காற்று வரட்டும்’ என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. பல கப்பல்களில் அந்தக் கதவு திறந்தால் கேபினின் குளிர்காற்று தானே நின்றுவிடும். குளியலறை எக்ஸாஸ்டோ நிற்காமல் இழுத்துக்கொண்டிருக்கும். உள்ளே போதிய காற்று வராதபோது அது பால்கனி வழியாகத்தான் இழுக்கும், பக்கத்துவீட்டுப் புகையோடு சேர்த்து. கதவை இறுக மூடுங்கள். கூரைக்காற்று திரும்பவும் வரும்.

ஏறிய முதல் நாள், பெட்டியைப் பிரிக்கும் முன் அறையை முகர்ந்து பார்க்க வேண்டும். மூக்கு சில நிமிடங்களிலேயே எந்த நாற்றத்துக்கும் பழகிவிடும். பிறகு நமக்கே சந்தேகம் வந்துவிடும். திரைச்சீலையை முகத்தருகே கொண்டுபோய் முகருங்கள், சோபா மெத்தையைத் தட்டிப் பாருங்கள், குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று பாருங்கள். ஒளித்துப் புகைப்பவர்கள் நாடுவது அந்த எக்ஸாஸ்ட் சல்லடையைத்தான். பக்கத்துக் குளியலறையில் பற்றவைத்தாலும் நடுவில் உள்ள இடுக்கு வழியே இங்கே கசியக்கூடும்.

நாற்றம் உறுதி என்றால் அப்போதே வரவேற்பு மேசைக்குப் போய் வேறு கேபின் கேளுங்கள். கப்பல்களில் கேபினுக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டு நூறு சதவீதம் என்பார்கள். மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிரம்புவதால் பல பயணங்கள் நூறைத் தாண்டித்தான் கிளம்புகின்றன. வராமல் போனவர்களின் கேபின் ஏதாவது இருந்தால், கப்பல் கிளம்பும் நேரத்தில்தான் தெரியும். முதலில் கேட்டவருக்குக் கிடைக்கும். ஸ்டூவர்டிடம் கோபப்பட்டுப் பயனில்லை. ஒரே காலையில் பதினைந்து, இருபது கேபின்களைத் தயார் செய்கிறவர் அவர். என்ன வேண்டும் என்று குறிப்பாகச் சொன்னால் அவராலும் செய்ய முடியும்: திரைச்சீலையையும் மெத்தை உறையையும் போர்வையையும் மாற்றுவது, கம்பளத்தை ஷாம்பூ போட்டு உறிஞ்சுவது, ஏசி வடிகட்டியை மாற்றுவது.

சுவர், மேசை, தொலைபேசி, டிவி ரிமோட் போன்ற வழவழப்பான பரப்புகளை நீர் கலந்த வினிகரில் நனைத்த துணியால் துடைக்கலாம். நிகோட்டினும் பிரிடினும் காரத்தன்மை உள்ளவை. அமிலம் பட்டதும் உப்பாக மாறி, ஆவியாகாமல் நீரில் கரைந்து துணியோடு வந்துவிடும். வாசனைத் தெளிப்பான்களால் அந்த வேலை நடக்காது. அவை பழைய நாற்றத்தின்மேல் புதிய ரசாயனங்களைச் சேர்க்கின்றன. பெட்டியில் எடுத்துப்போகும் சிறிய காற்றுச் சுத்திகரிப்பானில் உள்ள ஹெப்பா வடிகட்டி துகள்களைப் பிடிக்கும், ஆவிகளைப் பிடிக்காது. அதற்குக் கரி வேண்டும், அதுவும் கணிசமான எடையில் வேண்டும்; காகிதம்போல் மெல்லிய கரித்தாள் சீக்கிரமே நிறைந்துவிடும். கப்பலில் என்னென்ன மின்சாதனங்களை அனுமதிப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓசோன் இயந்திரத்தைக் கொண்டுவருகிறோம் என்று ஊழியர்கள் சொன்னால், அது ஓடும் நேரம் முழுக்க வெளியே இருங்கள். ஓசோன் புகைச் சேர்மங்களை உடைப்பது உண்மை. ஆனால் உடைந்ததிலிருந்து ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன, ஓசோனே நுரையீரலுக்குக் கேடு. ஆட்கள் இருக்கும் அறையில் ஓசோன் இயந்திரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. இயந்திரத்தை நிறுத்திய பிறகும் சில மணி நேரம் அறை நன்றாகக் காற்றாட வேண்டும்.

குடும்பத்தில் ஒருவர் புகைப்பவராக இருந்து, ஒதுக்கிய இடத்தில் மட்டும் புகைத்துவிட்டு கேபினுக்குத் திரும்புகிறார் என்று வையுங்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத் திரையரங்கு ஒன்றில் எடுத்த அளவீடுகள் 2020-இல் வெளியாயின. அரங்கத்தில் புகைக்கத் தடை, காற்றோட்டமும் நன்றாகவே இருந்தது. இருந்தும் பார்வையாளர்கள் உள்ளே வரும்போதெல்லாம் புகைச் சேர்மங்கள் காற்றில் எகிறின. உடையிலும் உடம்பிலும் ஒட்டிவந்த அந்தப் புகை, ஒன்றிலிருந்து பத்து சிகரெட்டுகளின் புகைக்கு அருகில் இருந்ததற்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். அந்தப் பெரிய அரங்கத்தில் அப்படியென்றால், 32 கன மீட்டர் கேபினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புகைப்பதற்கென்று ஒரு மேல்சட்டையை ஒதுக்கிக்கொள்வது, அதை அலமாரியில் தொங்கவிடாமல் இறுகக் கட்டிய பையில் வைப்பது, கையும் முகமும் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குவது — இவ்வளவையும் அவர் செய்யத்தான் வேண்டும்.