ஓவன் சுவருக்குள் ஒளிந்திருப்பது என்ன?

ரொட்டியும் கேக்கும் சுடும் ஓவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நன்கு சூடேறிய ஓவனுக்குள் வெப்பநிலை 250° செல்சியஸ் வரை போகும். தண்ணீர் கொதிப்பதற்கு 100° போதும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், நன்றாகச் செய்யப்பட்ட ஓவனின் வெளிச்சுவரில் 50° அளவு வெப்பமே இருக்கும். உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே உள்ள தூரமோ மூன்று விரற்கடைதான். இந்த மூன்று விரற்கடைக்குள் 200 டிகிரி எப்படிக் குறைந்தது?

இரு தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு போன்ற ஒரு பொருள் நிரப்பப்பட்டிருக்கிறது. ‘அப்படியானால் அந்தப் பஞ்சுதான் வெப்பத்தைத் தடுக்கிறது’ என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சற்றுப் பொறுங்கள். அந்தப் பஞ்சு கண்ணாடியால் ஆனது. கட்டிக் கண்ணாடியோ அசையாத காற்றைவிட ஏறத்தாழ 40 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். உண்மையில் வெப்பத்தைத் தடுப்பது பஞ்சு அன்று. பஞ்சுக்குள் சிக்கிக்கொண்ட காற்று!

காற்று ஓர் அரிதிற் கடத்தி. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்தும் திறனை 1 என்று வைத்துக்கொள்வோம். அப்போது தண்ணீரின் திறன் ஏறத்தாழ 23. செங்கல்லின் திறன் 25. இரும்புத் தகட்டின் திறன் 2,000. கண்ணாடிப் பஞ்சுக்கோ சாதாரண வெப்பநிலையில் ஒன்றரைதான். அதன் பருமனில் பெரும்பகுதி காற்று என்பதே இதற்குக் காரணம்.

அப்படியானால் பஞ்சே வேண்டாமே, வெறும் இடைவெளி விட்டுவிட்டால் போதாதா? நல்ல கேள்வி. ஆனால் காற்று ஓரிடத்தில் நிற்காது. சூடான தகட்டை ஒட்டிய காற்று இலேசாகி மேலே ஏறும். குளிர்ந்த பக்கத்தில் கீழே இறங்கும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து வெப்பத்தைச் சுமந்து செல்லும். இதுவே வெப்பச் சலனம். போதாதற்கு, உட்தகட்டிலிருந்து வெப்பக் கதிர்களும் வெளித்தகட்டை நோக்கிப் பாயும். பஞ்சின் இலட்சக்கணக்கான நுண்ணிழைகள் காற்றைச் சின்னஞ்சிறு அறைகளில் அடைத்துவிடுகின்றன. அதனால் காற்று சுழல முடிவதில்லை. இழைகள் குறுக்கே நிற்பதால் கதிர்களும் தடைப்படுகின்றன. கம்பளிப் போர்வை நம்மைக் காப்பதும் இதே முறையில்தான்.

இதனால் எவ்வளவு ஆதாயம்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓவன் சுவர்களின் மொத்தப் பரப்பு 1 சதுர மீட்டர், பஞ்சின் தடிமன் 5 சென்டிமீட்டர், இருபுறமும் வெப்பநிலை வேறுபாடு 200° என்று கொள்வோம். சூடான நிலையில் பஞ்சின் கடத்துதிறன் சற்று உயரும். அதற்கும் இடங்கொடுத்துக் கணக்கிட்டால், வெளியேறும் வெப்பம் சுமார் 200 வாட். பஞ்சு இல்லாமல் ஒற்றைத் தகடு மட்டும் இருந்தால் 2,000 வாட்டுக்கும் மேல் வெளியேறிவிடும். சமையலறையே ஓவனாகிவிடும் அல்லவா!

பாறையிலிருந்து பஞ்சு

இந்தப் பஞ்சைச் செய்யும் விதம் வேடிக்கையானது. திருவிழாவில் பஞ்சு மிட்டாய் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உருகிய சர்க்கரை சுழலும் கிண்ணத்திலிருந்து சிதறி இழையாகிறது. கண்ணாடியை உருக்கி அதேபோல் சுழற்றினால் கண்ணாடிப் பஞ்சு கிடைக்கிறது. எரிமலைப் பாறையான பசால்ட்டை ஏறத்தாழ 1,500 டிகிரியில் உருக்கிச் சுழற்றினால் பாறைப் பஞ்சு கிடைக்கிறது. இரண்டும் தீப்பற்றாதவை.

பழைய பஞ்சின் கதை

ஒரு காலத்தில் இந்த வேலைக்குக் கல்நாரைப் பயன்படுத்தினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்று கூரைத் தகடுகளின் பெயராக நாம் கேள்விப்படுவது இதையே. இது மண்ணிலிருந்து தோண்டியெடுக்கும் கனிமம். இதை நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், தீயில் எரியாது, விலையும் குறைவு. 1980க்கு முன் செய்யப்பட்ட பல ஓவன்களில் கதவோரக் கயிறாகவும், வெப்பக் காப்புத் தகடாகவும், மின்கம்பி உறையாகவும் இது இருந்தது.

ஆனால் இதற்கு மனிதர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. அமெரிக்க மருத்துவர் இர்விங் செலிகாஃபும் அவருடைய தோழர்களும், வெப்பக் காப்பு வேலை செய்த 632 தொழிலாளர்களின் நிலையை ஆராய்ந்து 1964இல் வெளியிட்டார்கள். பொதுவான இறப்பு விகிதப்படி அவர்களுள் 6 அல்லது 7 பேர் நுரையீரலிலும் அதன் உறையிலும் புற்றுநோய் கண்டு இறந்திருக்கலாம். உண்மையில் இறந்தவர்களோ 45 பேர்!

கண்ணாடிப் பஞ்சும் இழை, கல்நாரும் இழை. பின் ஏன் இந்த வேறுபாடு? அவை உடையும் விதத்தைக் கவனியுங்கள். கண்ணாடி இழை குறுக்கே ஒடிகிறது; துண்டு சிறிதானாலும் பருமன் குறைவதில்லை. கல்நாரோ விறகைப் பிளப்பதுபோல் நீளவாக்கில் பிளந்துகொண்டே போகிறது. மிக நுண்ணிய கல்நார் இழையின் பருமன், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தூசி நுரையீரலின் ஆழம் வரை சென்றுவிடும். அங்கே கரையாமல் பல ஆண்டுகள் தங்கியும் விடும். கண்ணாடிப் பஞ்சின் இழைத் துண்டுகள் உடல் நீரில் மெல்லக் கரைந்து போகின்றன.

எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வெப்பக் காப்புக்குப் பயன்படும் கண்ணாடிப் பஞ்சையும் பாறைப் பஞ்சையும் அது 2001இல் ஆராய்ந்தது. அவற்றை அப்படிச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடிவு செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கல்நாரைத் தடை செய்தது.

அதற்காகக் கண்ணாடிப் பஞ்சை வெறுங்கையால் எடுத்து விளையாடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். தோலில் பட்டால் அரிக்கும். கண்ணையும் தொண்டையையும் உறுத்தும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருப்பதே வெப்பக் காப்பு என்பதைப் புரிந்துகொண்டால், ஓவனைப் பேணும் விதிகளை நீங்களே சொல்லிவிடலாம்.

ஓவனைக் கழுவுகிறேன் என்று தண்ணீரை ஊற்றக்கூடாது. சுவருக்குள் நீர் புகுந்தால் காற்று இருந்த இடத்தை அது பிடித்துக்கொள்ளும். 1 என்றிருந்த இடத்தில் 23! மின்கசிவு வேறு ஏற்படலாம். இணைப்பைத் துண்டித்து, ஓவன் ஆறிய பிறகு, பிழிந்த ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

குக்கர் மூடியில் கேஸ்கெட் இருப்பதுபோலச் சில ஓவன்களின் கதவோரத்திலும் உண்டு. அது தளர்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஆறிய ஓவனின் கதவிடுக்கில் ஒரு தாள் கீற்றை வைத்து மூடி, மெல்ல இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வந்துவிட்டால் அங்கே வெப்பம் கசிகிறது என்று பொருள்.

மேசைமேல் வைக்கும் சிறு ஓவன்கள் பலவற்றில் பஞ்சு கிடையாது. அவற்றின் வெளித்தகடு நன்றாகவே சுடும். ஆகவே சுவரை ஒட்டி வைக்கக்கூடாது. மேலே துணி போடவும் கூடாது. காற்றுத் துளைகளையும் அடைக்கலாகாது.

எலிகளுக்கு இந்தப் பஞ்சு மெத்தை மிகவும் பிடிக்கும். நீண்ட நாள் மூடிக்கிடந்த ஓவனிலிருந்து துர்நாற்றமோ, பின்புறத்தில் பஞ்சுத் துகளோ வந்தால் அதைப் பயன்படுத்தாமல், பழுது பார்ப்பவரை அழைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: மிகப் பழைய ஓவனில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ நார் பிரிந்து தொங்கினால் அதைப் பிய்க்காதீர்கள்; பெருக்காதீர்கள்; ஊதாதீர்கள். அது கல்நாரா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில்தான் தெரியும். கலைக்காத வரையில் தூசி பறக்காது. அதனால் அப்படியே விட்டுவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று மூடி போட்ட டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் சம எடையுள்ள சாதாரணப் பருத்திப் பஞ்சு வேண்டும். முதல் டப்பாவைச் சுற்றிப் பஞ்சைத் தளர்வாக வையுங்கள். இரண்டாவதில் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். மூன்றாவதில் பஞ்சை நனைத்துச் சுற்றுங்கள். நீர் ஆவியாகி முடிவைக் குழப்பாதிருக்க மூன்றின் மேலும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிடுங்கள். பெரியவர் ஒருவர் துணையுடன் மூன்றிலும் 60° வெந்நீரைச் சம அளவில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள்.

எது முதலில் ஆறும்? எது கடைசியில்? ஊற்றுவதற்கு முன்பே உங்கள் விடையைக் காரணத்தோடு நோட்டில் எழுதிவைத்துவிடுங்கள். பிறகு வெப்பமானி சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.