ஒன்றரை ரூபாய்க்குப் பாரதி

புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம் பக்கத்தில் இருக்கும் ராயவரம் நகரத்தார் ஊர். அங்கே 1912-இல் பிறந்த வை. கோவிந்தன், அந்தக் காலத்து வழக்கப்படி இளம் வயதிலேயே பர்மாவுக்குக் கப்பலேறினார். லேவாதேவியில் நகரத்தார் செட்டியார்கள் கொடிகட்டிப் பறந்த நாடு அது. 1930-களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி விளைநிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. அந்தத் தொழிலிலேயே அவர் நிலைத்திருக்கலாம். ஆனால் சென்னைக்கு வந்து, 1939-இல் ‘சக்தி’ என்ற மாத இதழைத் தொடங்கினார்.

வட்டிக்குப் போகவேண்டிய பணம் அச்சு எழுத்துக்குப் போனது.

அவர் நுழைந்த நேரமும் கடினமானது. அதே ஆண்டு உலகப்போர் மூண்டது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்து, கட்டுப்பாடும் வந்தது. இதழ் நின்றுவிடவில்லை. முதலில் சுத்தானந்த பாரதியாரும் பிறகு தி.ஜ.ர.வும் அதற்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். கு. அழகிரிசாமியும் தொ.மு.சி. ரகுநாதனும் அங்கே பணியாற்றினார்கள். பின்னாளில் குழந்தைக் கவிஞர் எனப் பெயர் பெற்ற அழ. வள்ளியப்பாவும் ராயவரத்துக்காரர்தான், எழுத்துலகில் அவர் காலூன்றியது ‘சக்தி’ அலுவலகத்தில். நல்ல எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்து வேலையில் அமர்த்துவதும் முதலீடுதான் என்பதைக் கோவிந்தன் அறிந்திருந்தார்.

‘சக்தி’யோடு அவர் நிற்கவில்லை. பெண்களுக்கு ‘மங்கை’, சிறுவர்களுக்கு ‘அணில்’ என்று அடுத்தடுத்து இதழ்களைத் தொடங்கினார். டால்ஸ்டாய் உள்ளிட்ட உலக எழுத்தாளர்களைத் தமிழில் கொண்டுவந்தார். 1935-இல் இங்கிலாந்தில் பெங்குவின் நிறுவனம் ஆறு பென்ஸ் விலையில் நல்ல நூல்களை விற்கத் தொடங்கியிருந்தது. அந்த வழி தமிழிலும் நடக்கும் என்று நம்பியவர்களில் முன்வரிசைக்காரர் இவர்.

அந்த நம்பிக்கைக்கு உரிய சோதனை 1957-இல் வந்தது. மகாகவி பாரதியின் எழுத்துகளை 1949-இல் அரசு வாங்கி, பிறகு பொதுவுடைமை ஆக்கியிருந்தது. யாரும் வெளியிடலாம் என்ற நிலையில், கோவிந்தன் பாரதி கவிதைகளின் தொகுப்பை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். மலிவுப் பதிப்பில் உள்ள ஆபத்து தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். அச்சுக் கோக்கும் கூலி ஆயிரம் பிரதிக்கும் ஒன்றே, பத்தாயிரம் பிரதிக்கும் ஒன்றே. ஆகவே நிறைய அச்சடித்தால்தான் விலை இறங்கும். நிறைய அச்சடித்தாலோ காகிதம், பைண்டிங் எல்லாவற்றுக்கும் பணத்தை முன்கூட்டியே கொட்ட வேண்டும். கடன் சொல்லி எடுத்துப்போகும் கடைக்காரரிடமிருந்து அது திரும்பிவர மாதக்கணக்காகும். லாப விகிதமோ சொற்பம். பிரதிக்கு அரை ரூபாய் கூட்டி வைத்திருந்தால் அவருக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும். கூட்டவில்லை.

கடைசி ஆண்டுகளில் பண நெருக்கடி அவரை வாட்டியது. 1966-இல் மறைந்தார்.

கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்து அவரைத் தோற்ற தொழிலதிபர் என்று எழுதிவிடலாம். அது அநியாயம். போர், காகிதப் பஞ்சம், கடன் ஆகிய மூன்றையும் தாங்கி, கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே வாடிக்கையாளரை, சம்பளத்தில் மிச்சம்பிடித்துப் புத்தகம் வாங்கும் சாதாரணத் தமிழரை, மனத்தில் வைத்து உழைத்த வேறு முதலாளிகள் அபூர்வம். புதுக்கோட்டையில் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் அவர் பெயரில் ஓர் அரங்கு நிலையாக இருக்க வேண்டும். மாவட்டக் கல்லூரிகளின் தொழில்முனைவோர் வகுப்புகளில் ‘சக்தி’யின் வரவுசெலவு பாடமாக வேண்டும்.