மேரி ஜோன்ஸ் வாழ்ந்த வீடு
டீனதோல், லான்விஹாங்கெல் அ பெனன்ட், வேல்ஸ்

நினைவுத் தூணைச் சுற்றி நிற்கும் இந்தத் தாழ்ந்த கற்சுவர்கள், நெசவாளர் ஜேக்கப் ஜோன்ஸின் குடிசையில் எஞ்சியவை. அவருடைய மகள் மேரி 1784 டிசம்பரில் பிறந்து இங்கு வளர்ந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்.

தாமஸ் சார்ல்ஸ் என்ற போதகர் ஊர் ஊராக நடத்திய பள்ளிகளின் மூலம் மேரி வாசிக்கக் கற்றார். அன்று வேல்ஸ் மொழி வேதாகமம் விலை கூடியது, கிடைப்பதும் அரிது. அதை வாசிப்பதற்காகவே அவர் தொலைவிலிருந்த ஒரு பண்ணை வீட்டுக்கு நடந்து போய்வந்தார். சொந்தப் பிரதி வாங்கப் பல ஆண்டுகள் காசு சேர்த்தார்.

1800இல், 15 வயதில், வேதாகமம் வாங்குவதற்காகச் சார்ல்ஸைத் தேடி பாலா நகருக்குப் புறப்பட்டார். மலைவழியில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பெரும்பகுதியை வெறுங்காலுடன் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. சார்ல்ஸிடமிருந்து வேதாகமம் அவருக்குக் கிடைத்தது. எதிரே தெரியும் மலைகளைப் பார்த்தால் அந்த நடையின் அருமை புரியும்.

1804இல் லண்டனில் வேதாகமச் சங்கம் தொடங்கியது. அதற்கு உழைத்தவர்களில் சார்ல்ஸும் ஒருவர். மேரியின் கதை அச்சங்கத்தின் வழியே உலகெங்கும் பரவியது.

மேரி பின்னர் நெசவாளர் தாமஸ் லூயிஸை மணந்து ப்ரின்க்ரிக் கிராமத்தில் வாழ்ந்தார். தேனீ வளர்த்தார். 1864இல் மறைந்தார், கல்லறை அங்கேயே உள்ளது. அவர் கைப்பட எழுதிய குறிப்புடன் அந்த வேதாகமம் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

சுவர்கள் பழமையானவை. அவற்றின் மீது ஏற வேண்டாம்.