எல்லை கடந்தால் மாறும் ஓய்வூதியம். மாறாத தில்லியின் ரூ. 200

நமது நாடாளுமன்ற நிருபர்

புதுதில்லி: சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் பேருந்தில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் மாநில எல்லை வந்துவிடுகிறது. எல்லையின் இருபுறமும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. இருபுறத்துக் குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கின்றன. ஆனால், ஆதரவற்ற முதியவர் ஒருவரின் கைக்கு மாதந்தோறும் வந்து சேரும் தொகை மட்டும் எல்லையைக் கடந்தால் மாறிவிடுகிறது.

ஆந்திரப் பிரதேசத்தில் 2024 ஜூலை முதல் முதியோர் ஓய்வூதியம் ரூ. 4 ஆயிரம். தமிழகத்தில் 2023 ஆகஸ்டில் அது ரூ. 1,200 ஆக உயர்த்தப்பட்டது. இந்த இரண்டு தொகைகளுக்குள்ளும் மாறாத ஒன்று உண்டு. 60 முதல் 79 வயது வரையுள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழும் முதியவருக்கு மத்திய அரசு அளிக்கும் பங்கான ரூ. 200 தான் அது. நாளொன்றுக்கு ரூ. 7 கூடத் தேறாது.

ரூ. 75-ல் தொடங்கியது

வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகிய காலங்களில் குடிமக்களுக்கு அரசு உதவ வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 41-வது பிரிவு. அதன் அடிப்படையில், பி.வி. நரசிம்ம ராவ் பிரதமராக இருந்தபோது, 1995 ஆகஸ்ட் 15-ல் தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது 65 வயதைக் கடந்த ஆதரவற்றோருக்கு மாதம் ரூ. 75 வழங்கப்பட்டது.

2006-ல் இத்தொகை ரூ. 200 ஆக உயர்ந்தது. 2007-ல் இந்திரா காந்தி பெயரில் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. 2011-ல் வயது வரம்பு 60 ஆகக் குறைக்கப்பட்டு, 80 வயதைக் கடந்தவர்களுக்கு ரூ. 500 என அறிவிக்கப்பட்டது. 2012-ல் விதவையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரூ. 300 ஆனது. அதன் பிறகு ஆட்சி மாறியது. நாடாளுமன்றமே புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆனால், 2025-26 நிதிநிலை அறிக்கை வரை இத்தொகைகளில் மாற்றமில்லை.

தொகையைப் போலவே பயனாளிகளின் எண்ணிக்கையும் உறைந்து நிற்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும், 2004-05 வறுமை விகிதத்தையும் கொண்டு ஒவ்வொரு மாநிலத்துக்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டுள்ளது. நாடு முழுவதற்கும் இது சுமார் 3.09 கோடி பேர். ஒரு மாநிலத்தில் வரம்பு நிரம்பிவிட்டால், ஏற்கெனவே பெறுபவரின் இடம் காலியானால்தான் புதியவர் மத்திய அரசின் கணக்கில் சேர முடியும்.

தொகையை உயர்த்த வேண்டும் என ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு திரும்பத் திரும்பப் பரிந்துரைத்து வருகிறது. கனிமொழி தலைவராக இருந்த காலத்திலும், அவருக்குப் பின் சப்தகிரி உலகா பொறுப்பேற்ற பிறகும் குழுவின் குரல் மாறவில்லை. மாநிலங்கள் குறைந்தபட்சம் இதற்கு இணையான தொகையையாவது சேர்த்து வழங்க வேண்டும் என மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. அதாவது, சுமையின் பெரும்பகுதி மாநிலங்களின் தோளுக்குச் சென்றுவிட்டது.

வாசலுக்கு வரும் பணம்

அந்தச் சுமையை ஒரு மாநிலம் எவ்வளவு தூரம் சுமக்க முடியும் என்பதற்குச் சித்தூர் ஓர் எடுத்துக்காட்டு. முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் குப்பம் தொகுதியும் இம்மாவட்டத்தில்தான் உள்ளது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் கிராமச் செயலக ஊழியர்கள் பயனாளியின் வீட்டுக்கே சென்று பணத்தை வழங்குகின்றனர். முதல் தேதி விடுமுறை நாளானால் முந்தைய நாளே பணம் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகளைப் பார்க்கப் பெங்களூருக்கோ சென்னைக்கோ சென்று இரு மாதம் வாங்கத் தவறியவர்கள், மூன்றாம் மாதத்தில் சேர்த்துப் பெறலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ. 6 ஆயிரமும், படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கு ரூ. 15 ஆயிரமும் நிர்ணயிக்கப்பட்டுள்ளன. கைத்தறி நெசவாளர்கள் 50 வயதிலேயே ஓய்வூதியம் பெறத் தகுதி பெறுகின்றனர். தறிச் சத்தம் ஓயாத நகரி, புத்தூர் வட்டாரங்களில் இதன் அருமை தெரியும்.

இத்திட்டத்துக்கு ஆந்திர அரசு 2025-26-ல் ஒதுக்கியது ரூ. 27 ஆயிரம் கோடிக்கும் அதிகம். அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியது ரூ. 9,652 கோடி. ஒரே மாநிலத்தின் ஒதுக்கீடு, மத்திய ஒதுக்கீட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது குறிப்பிடத்தக்கது. ஆந்திர முதியவர் பெறும் ரூ. 4 ஆயிரத்தில் தில்லியின் பங்கு நூற்றுக்கு ஐந்து மட்டுமே.

தேர்தலின் நிழல்

எனினும், மாநிலத்தின் தாராளத்தை மட்டும் நம்பியிருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆட்சி மாறும்போதெல்லாம் ஆந்திரத்தில் திட்டத்தின் பெயர் மாறுகிறது. தேர்தல் வாக்குறுதிகளில் தொகை ஏலம்போல் ஏறுகிறது. 2024 பொதுத் தேர்தலின்போது, பணத்தை வீடு வீடாக வழங்கிவந்த தன்னார்வலர்களை அப்பணியில் ஈடுபடுத்தத் தேர்தல் ஆணையம் தடை விதித்தது. கட்சிகள் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டிக் கொண்டிருக்க, கோடை வெயிலில் முதியோர் ஏப்ரலில் செயலகங்களுக்கும் மே மாதத்தில் வங்கிகளுக்கும் அலைய நேர்ந்தது.

2025-ல் மாற்றுத்திறனாளிகளின் சான்றிதழ்கள் மறு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டு, தகுதி இல்லை எனப் பலருக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகே மேல்முறையீடு முடியும் வரை ஓய்வூதியம் தொடரும் என அரசு அறிவித்தது. போலிகளைக் களைவது அவசியம்தான். ஆனால், உண்மையான பயனாளிக்கு ஒரு மாதத் தொகை நின்றாலும் மருந்துக் கடையில் கடன் சொல்ல வேண்டிய நிலைதான்.

கோயிலும் தொண்டும்

அரசின் கை எட்டாத இடங்களில் இப்பகுதியைத் தாங்கி நிற்பவை வேறு சில. திருமலையில் 1985-ல், என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது தொடங்கிய நித்திய அன்னதானம் பசித்து வருவோரிடம் ஊரோ சாதியோ கேட்பதில்லை. திருப்பதி தேவஸ்தானத்தின் 'பேர்டு' மருத்துவமனை இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட ஏழைகளுக்கு இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்து பெயர் பெற்றது. தொழுநோயாளிகளுக்கான இல்லமும், பெற்றோரற்ற சிறுவர்களுக்கான பாலமந்திரமும் தேவஸ்தானத்தின் ஆதரவில் இயங்குபவையே. இதயக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பத்மாவதி இருதய மையம் 2021 அக்டோபரில் திறக்கப்பட்டது.

திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு 1981-ல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய சேவா சமிதி, முதலில் ராயலசீமா சேவா சமிதி என்ற பெயரில் இயங்கியது. இதற்குத் தூண்டுகோலாக இருந்த என்.ஜி. ரங்கா, பி. ராஜகோபால் நாயுடு ஆகிய இருவருமே சித்தூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர்கள். குழந்தைகள் காப்பகம், முதியோர் பராமரிப்பு, வேளாண் அறிவியல் நிலையம் எனப் பணிகளை விரித்த இந்த அமைப்பின் நிறுவனர் ஜி. முனிரத்தினத்துக்கு 2012-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆனால், உண்டியல் வருமானம் கொட்டும் கோயில் எல்லா மாவட்டங்களிலும் இல்லை. கருணையும் தொண்டும் உரிமைக்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது.

தேவை ஒரு தளம்

சமூக ஓய்வூதியத்தை ஒவ்வொரு மாதமும் 7-ம் தேதிக்குள் வழங்க வேண்டும் என 2001 நவம்பரில், உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காலத்தை நீதிமன்றம் வகுத்துவிட்டது. தொகையை வகுக்க வேண்டியது நாடாளுமன்றத்தின் கடமை. விலைவாசியுடன் இணைந்து உயரும் ஒரு குறைந்தபட்சத் தொகையை மத்திய அரசு உறுதி செய்தால், அதற்கு மேல் தருவது அந்தந்த மாநிலத்தின் விருப்பமாக இருக்கலாம். உச்சவரம்பையும் புதிய கணக்கெடுப்பின்படி திருத்த வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியத்தை விலைவாசிக்கு ஏற்ப ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானாகவே உயர்த்தும் ஏற்பாடு 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி 2023 ஏப்ரல் முதல் அவர்களது மாத ஊதியம் ரூ. 1 லட்சத்திலிருந்து ரூ. 1.24 லட்சமாக உயர்த்தப்பட்டது. தங்களுக்குப் பொருந்தும் அதே கணக்கு, சித்தூர் எல்லையின் இருபுறமும் முதல் தேதிக்காகக் காத்திருக்கும் முதியவருக்கும் பொருந்தும் என்பதை அவை ஏற்குமா என்பதே கேள்வி.