தொட்டிக்குக் கீழே ஒரு தட்டு!

குட்டீஸ், எங்கள் திருவரங்குளம் கோயில் தலபுராணத்தில் பொற்பழம் தந்த பனை மரம் ஒன்று வருகிறது. அதைச் சென்னையில் மூன்றாவது மாடி வீட்டுக்குள் வளர்க்க முடியுமா? முடியாதல்லவா! வீட்டுக்குள் வைக்கும் செடியை, அங்கு கிடைக்கும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஒரு சின்னச் சோதனை. பகலில் விளக்கைப் போடாமல், செடி வைக்கப்போகும் இடத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைப் படியுங்கள். கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால், மணி பிளான்ட்டோ மருளோ அங்கே பிழைத்துக்கொள்ளும். மருள் நம் நாட்டுச் செடிதான். அதன் நாரைத் திரித்து அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் கட்டினார்கள்! துளசிக்கு நேர் வெயில் வேண்டும். அதற்கு பால்கனிதான் சரி.

செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். 1989இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. ஜன்னல் காற்றுக்கு ஈடு வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்குப் போட்டது. அப்புறம் நாம் எங்கே படுப்பது?

இனி தொட்டி. நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்திருக்கிறீர்களா? மண் தொட்டியும் அதுபோலச் சுட்ட மண்தான். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் அதே துளைகளால்தான். அவற்றின் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால் தொட்டி மண் சீக்கிரம் காயும். நினைத்தபோதெல்லாம் தண்ணீர் ஊற்றும் பிள்ளைகளுக்கு மண் தொட்டி நல்லது. அடிக்கடி ஊருக்குப் போகும் வீட்டுக்கு பிளாஸ்டிக் தொட்டி. எதுவானாலும் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். நீர் வடியாவிட்டால் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகிவிடும். ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

வடிந்த தண்ணீர் கீழே உள்ள தட்டில் தேங்கும். அங்கேதான் வம்பு! டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகப் பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் வாரம் ஒரு நாள் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலில் வைத்த மணி பிளான்ட்டுக்கும் தண்ணீரை மாற்றுங்கள்.

வீட்டில் தவழும் தம்பி, தங்கை இருக்கிறார்களா? வெள்ளைத் திட்டு போட்ட பெரிய இலையுள்ள டைபன்பேக்கியா வேண்டவே வேண்டாம். கடித்தால் அதிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் நாக்கில் குத்தி, வாய் வீங்கிவிடும். மணி பிளான்ட்டிலும் அந்தப் படிகங்கள் உண்டு. அதைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.